சேட்டையா, கோளாறா? பிரம்பு தீர்ப்புச் சொல்லலாமா?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கிறானா என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார மாட்டான். பென்சில், ரப்பர், டிபன் பாக்ஸ் மூடி என்று தினம் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவான். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுவான். கடைக்கு அனுப்பினால் வாங்கப் போனதை மறந்து, பாதி வழியில் ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்த்துக் கொண்டு நிற்பான். இரு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடப்பான். அடித்தால் அழுவான், 'இனிச் செய்ய மாட்டேன்' என்று மனதாரச் சொல்லுவான், ஐந்து நிமிடத்தில் அதையே மறுபடியும் செய்வான்.

இந்தப் பிள்ளைக்கு நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! வாலு, அடங்காப்பிடாரி, இப்லீஸ், சைத்தான். பள்ளிக்கூடத்தில் மக்கு. ஓதப் போகும் இடத்தில் 'இவன் தேற மாட்டான்'. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இத்தனை பெயர்களையும் தூக்கிக் கொண்டு நடக்கிறான். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வருகிறது. 'உங்கள் பையனால் மற்ற பிள்ளைகள் கெடுகிறார்கள், டி.சி. வாங்கிக் கொள்ளுங்கள்' என்கிறார்கள். தாய் வாங்கிக் கொண்டு வருகிறாள். அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி. பத்தாம் வகுப்பை எட்டுவதற்கு முன்பே அந்தப் பையன் ஏதாவது ஒரு கடையில் எடுபிடி வேலையில் நிற்கிறான். படிக்க அறிவில்லாதவனா அவன்? அதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

மருத்துவர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. பெயர் நீளமாக இருக்கிறது; விஷயம் எளிது. ஒன்றில் கவனத்தை நிறுத்தவும், உடம்பை அடக்கி வைக்கவும், 'கொஞ்சம் பொறு' என்று தனக்குத்தானே சொல்லிக் கொள்ளவும் உதவும் மூளையின் திறன் அந்த வயதுக்கு ஏற்ற அளவு வளராமல் இருப்பது. இது பைத்தியமல்ல. புத்திக் குறைவும் அல்ல. நல்ல புத்திசாலிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. 2007ல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நாற்பது பேர் உட்காரும் வகுப்பறை என்றால் இரண்டு பிள்ளைகள்!

'இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த புது வியாதி' என்று சிலர் சொல்வார்கள். 1798லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் கவனம் நிற்காத பிள்ளைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1902ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அப்போது ஏது செல்போன்? இரவு வெகுநேரம் போன் பார்ப்பது தூக்கத்தைக் கெடுத்து, இருப்பதை இன்னும் மோசமாக்கும் என்பது வேறு விஷயம். இனிப்பு சாப்பிடுவதால் வருகிறது என்பதும் தவறு. 1995லேயே அதை ஆராய்ந்து, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று எழுதிவிட்டார்கள். தாய் சரியாக வளர்க்கவில்லை என்பது இவை எல்லாவற்றையும் விட மோசமான அவதூறு. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. 'நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன்' என்று சிரித்துக் கொண்டே சொல்லும் அத்தாமார்கள் தாங்கள் மருத்துவருக்கு எவ்வளவு முக்கியமான தகவலைச் சொல்கிறோம் என்பதை அறிவதில்லை.

சரி, சேட்டை செய்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கோளாறு இருக்கிறதா? இல்லை! இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட அளவுகோலைத்தான் பல நாட்டு மருத்துவர்களும் பின்பற்றுகிறார்கள். கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளம், துறுதுறுப்புக்கும் பொறுமையின்மைக்கும் சேர்த்து ஒன்பது அடையாளம். ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். (1994 பதிப்பில் இது ஏழு வயது என்றிருந்தது.) வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். படிப்பையோ பழக்க வழக்கத்தையோ அது கெடுத்திருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காதவனாகவும் வீட்டில் அமைதியாகவும் இருக்கும் பிள்ளைக்குக் கோளாறு பள்ளிக்கூடத்தில் இருக்கலாம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே வகுப்பில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையும், ஆறு வயதை நெருங்கிவிட்ட பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளைகளுக்குத்தான் இந்த முத்திரை அதிகம் குத்தப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டு, பிறகு பிள்ளை மேல் பழி போடுகிறோம்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவள் ஓட மாட்டாள், சண்டை போட மாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பாள். பாடம் ஒன்றும் மண்டையில் ஏறியிருக்காது. யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் அவளைக் கவனிப்பதில்லை. 'பொம்பளைப் பிள்ளைதானே, படிப்பு வராவிட்டால் போகிறது' என்று எட்டாவதோடு நிறுத்தி விடுகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்குக் கூட ஆகாத செலவில் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஒன்றால் ஒரு பெண்ணின் படிப்பே நின்று போகிறது.

எங்கே போவது?

முதலில் போக வேண்டிய இடம் குழந்தை மருத்துவர். ஏன்? காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொன்னதைச் செய்யாது. கண் தெரியாத பிள்ளையும் கரும்பலகையைப் பார்க்காது. மூக்கின் பின்னால் சதை வளர்ந்து, இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்காத பிள்ளை பகலில் எரிந்து விழும். இரத்தசோகை, தைராய்டு, சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் ஒருவகை வலிப்பு எல்லாம் இதைப் போலவே தோன்றும். வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் மாத்திரையே சில பிள்ளைகளைத் துறுதுறுக்க வைக்கும். இவற்றை விலக்கிய பிறகுதான் அடுத்த படி.

அடுத்த படி மனநல மருத்துவர், அல்லது குழந்தை வளர்ச்சித் துறையில் பயிற்சி பெற்ற மருத்துவர். அவரோடு சேர்ந்து மருத்துவ உளவியலாளர் சில சோதனைகளை நடத்துவார். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2013ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களைக் கேட்டு விசாரியுங்கள். அதே திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நேரில் வருகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி மெட்ரிக் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கு அந்தக் குழு வராது. நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.

'மனநலம்' என்ற பலகையைப் பார்த்ததும் கால் பின்வாங்குகிறது. நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பதே ஒரு வசைச் சொல்லாக இருக்கும்போது பின்வாங்காமல் என்ன செய்யும்? நாளைக்கு அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாராவது கிளறுவார்களோ என்று உம்மா பயப்படுகிறாள். அதனால் முதலில் தாயத்து, பிறகு ஓதிய தண்ணீர், பிறகு ஊர் ஊராக அலைச்சல். பிள்ளைக்காகத் துஆச் செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தை அலைச்சலில் தொலைத்துவிட்டு, 'ஜின் பிடித்திருக்கிறது' என்ற பேச்சை அந்தப் பிள்ளையின் காதிலேயே போட்டுவிட்டு, கடைசியில் மருத்துவரிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அரசு மருத்துவமனைச் சீட்டு உங்கள் பையில்தான் இருக்கும். அது தெருவில் ஒட்டப்படுவதில்லை.

அங்கே என்ன நடக்கும்?

இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. ஸ்கேனிலும் தெரியாது. 'மூளையைப் படம் பிடித்து உடனே சொல்லிவிடுகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கண்டுபிடிப்பது பேச்சாலும் கேள்வியாலும் பொறுமையாலும்தான். அதனால் ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். 'அலைக்கழிக்கிறார்கள்' என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தருகிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கர்ப்ப காலத்திலிருந்து கேட்பார்கள். குறைமாதமா, எடை எவ்வளவு, எப்போது நடந்தான், எப்போது பேசினான், வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா? பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்துப் போங்கள். மூன்று வருட மார்க் ஷீட், நோட்டுப் புத்தகங்கள் சில, பள்ளி டைரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சிவப்பு மையில் ஆசிரியை எழுதி அனுப்பிய குறிப்புகளை அவமானம் என்று கிழித்துப் போடுகிறோமே, அவைதான் சாட்சி! எந்த வயதில் ஆரம்பித்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் தேதியோடு சொல்லும்.

பிறகு ஒரு படிவம் தருவார்கள். 'அடிக்கடி பொருட்களைத் தொலைக்கிறானா? தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறானா?' என்ற மாதிரிக் கேள்விகள். ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி என்று குறிக்க வேண்டும். கான்னர்ஸ் என்றும் வான்டர்பில்ட் என்றும் இவற்றுக்குப் பெயர்கள் உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று இங்குள்ள மருத்துவர்கள் தயாரித்த கேள்வித் தொகுப்பும் இருக்கிறது. பையனைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறைத்துச் சொல்லாதீர்கள். கோபத்தில் கூட்டியும் சொல்லாதீர்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு படிவம் ஆசிரியருக்கு. பல வீடுகளில் காரியம் நின்றுபோவது இங்கேதான். 'பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் துரத்திவிடுவார்கள்' என்று படிவத்தைக் கொடுக்காமலே மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு இடத்துச் சாட்சி இல்லாமல் மருத்துவர் முடிவு சொல்ல முடியாது. தலைமை ஆசிரியரிடம் போகத் தயங்கினால், பிள்ளை மேல் பிரியம் வைத்திருக்கும் ஒரு ஆசிரியை எப்படியும் இருப்பார். அவரிடம் நேரில் கொடுங்கள். உறையில் வைத்து ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தகப்பனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சமுதாயத்தில் எத்தனையோ வீடுகளில் வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது நாள் லீவில் வருகிறவருக்கு, அந்த ஐம்பது நாளும் பையன் குஷியாகத்தான் தெரிவான். 'என் மகனுக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை' என்று போனில் சொல்லிவிட்டு வைத்து விடுகிறார். அவர் ஒப்புக்கொள்ளாமல் அவள் ஆஸ்பத்திரிப் படியேற முடியாது. மாமியார் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். சகோதரர்களே, உங்கள் மனைவி இரண்டு வருடமாகத் தினமும் பார்ப்பதை நீங்கள் ஐம்பது நாளில் பார்த்துவிட முடியாது. மருத்துவர் கேள்வி கேட்கும் அந்த அரைமணி நேரமாவது வீடியோவில் வந்து உட்காருங்கள். உங்கள் சிறுவயதைப் பற்றி அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

மருத்துவரின் அறையில் பிள்ளை பூனை மாதிரி உட்கார்ந்திருந்தால் திகைக்க வேண்டாம். புது இடம், புது மனிதர். இந்தக் கோளாறு இருக்கும் பிள்ளையும் முதல் நாள் அமைதியாக இருப்பதுண்டு. 'கார்ட்டூன் மட்டும் மூன்று மணி நேரம் பார்க்கிறானே' என்று கேட்பீர்கள். பிடித்ததில் மூழ்கிவிடுவதும், பிடிக்காததில் ஐந்து நிமிடம் நிற்க முடியாததும் இந்தப் பிள்ளைகளின் தன்மைதான்.

புத்திக்கூர்மைச் சோதனையும், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் சில சமயம் வைப்பார்கள். ஏ.டி.எச்.டி. இருக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கும். இது தெரிந்தால் ஒரு பயனுண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது; ஆட்டிசம் இருக்கிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பில் ஓடுவதை விட முன்பே பார்த்து வைப்பது நல்லது.

மாத்திரை

மாத்திரை என்றதும் பயம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் தருவது மாத்திரை அல்ல, பெற்றோருக்குப் பயிற்சி. கட்டளையைச் சுருக்கமாகச் சொல்வது, ஒரு நேரத்தில் ஒன்று சொல்வது, செய்த உடனே பாராட்டுவது என்று பழக்குகிறார்கள். அதற்கு மேல் வயதான பிள்ளைக்கு, பாதிப்பு அதிகமாக இருந்தால், பயிற்சியோடு மருந்தும் சொல்லலாம். மெத்தில்பெனிடேட் என்பது அதிகம் பயன்படுவது. பசி குறையலாம், தூக்கம் தாமதமாகலாம், தலைவலி வரலாம். அதனால்தான் எடையும் உயரமும் இரத்த அழுத்தமும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். குடும்பத்தில் இருதய நோய் உண்டா என்று கேட்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. இது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். எல்லாக் கடையிலும் இருக்காது. விடுமுறைக்கு வாப்பாவைப் பார்க்க அமீரகம் போகிறவர்கள் முன் அனுமதி வாங்காமல் இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள்! வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சோதித்துப் பார்ப்பது வேறு, மாத்திரை சாப்பிடுவது வேறு.

நம் பள்ளிகளுக்கு ஒரு கேள்வி

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. டி.சி.யை நீட்டும் பள்ளியிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். எழுத்து மூலம் காரணம் கேளுங்கள். 'நீங்களே கேட்டு வாங்கியதாக' எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. 2012ல் வந்த திருத்தம் மதரஸாக்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025ல் இரு நீதிபதிகள் கேள்வி எழுப்பி, பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தாலும், நிர்வாகம் நம் கையில் இருக்க வேண்டும் என்று போராடிப் பெற்ற உரிமையைக் காட்டி நம் பிள்ளையை நாமே துரத்தலாமா? பிரம்பு விஷயத்தில் விலக்கு யாருக்கும் இல்லை. பொறுப்பில் உள்ள பிள்ளைக்குக் கொடுமை செய்வது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு பள்ளி எது, மதரஸா எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் பள்ளி ஆசிரியர்களையும் உஸ்தாதுகளையும் ஒரு சனிக்கிழமை உட்கார வைத்து, மாவட்ட மருத்துவமனை மனநல மருத்துவரை அழைத்துப் பேசச் சொல்லட்டும். பெரிய செலவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைப்பது, பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, இடையில் கரும்பலகை துடைக்கவோ தண்ணீர் எடுத்து வரவோ அனுப்பி எழுந்து நடக்க விடுவது, இதற்கெல்லாம் பணம் தேவையா?

எங்கே தொடங்குவதென்று தெரியாமல் திகைத்து நிற்கும் தாய்மார்கள் வீட்டிலிருந்தே 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகள் தூங்கி, வீடு அடங்கிய பிறகுதான் பேச முடியும் என்றால் அப்போது பேசுங்கள். இரவிலும் அந்த எண் வேலை செய்கிறது.